சுவருக்கு முன்னால் என் வலது கை

எங்கள் கட்டுப்பாட்டு அறைக்கு அந்தப் பெரிய சுவர்த்திரை வந்த அன்று எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கைதட்டுவதற்கு வலது கை நெஞ்சு உயரம் வந்தால் போதும், அதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை.

அதற்கு மேலே போவதுதான் சிரமம். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு மழை நாளில், குன்னத்துகாலில் எங்கள் வீட்டுக்குத் திரும்பும் வளைவில் ஸ்கூட்டரோடு விழுந்தேன். தோள் எலும்பு உடைந்தது. தகடு வைத்தார்கள், ஆறு வாரம் விடுப்பில் இருந்தேன். எலும்பு கூடிவிட்டது. கை மட்டும் தோள் மட்டத்தில் நின்றுகொண்டு, இதற்கு மேல் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. வேலைக்குத் திரும்பிய அன்று எல்லாம் சரியாகிவிட்டது என்று சிரித்த முகத்தோடு சொன்னேன். அந்தப் பொய்யை இரண்டு வருடம் கட்டிக் காத்தேன். உண்மை தெரிந்தவர் என் கணவர் ஒருவர்தான். காலையில் எனக்குத் தலை பின்னிவிடுகிறவர் அவர்.

பொய் சொன்னதற்குக் காரணம் இருந்தது. எங்களுடையது ஒப்பந்த வேலை. நெய்யாற்றுத் தண்ணீரைச் சுத்தம் செய்து, ஒற்றசேகரமங்கலம் மலைச்சரிவு தொடங்கி பாறசாலை எல்லை வரைக்கும் ஊர் ஊராக அனுப்பும் கூட்டுக் குடிநீர்த் திட்டம். எந்தத் தொட்டி நிரம்புகிறது, எந்த வால்வைத் திறக்க வேண்டும், எங்கே குழாய் உடைந்தது என்று உட்கார்ந்த இடத்தில் பார்த்து நடத்துவது எங்கள் வேலை. வருடத்துக்கு ஒரு முறை திட்டக் குழு கூடி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும். நான் விழுந்ததற்கு முந்தின வருடம், குழாய்வழியே நடந்து வால்வுகளைப் பார்த்துக்கொள்ளும் லைன்மேன் ஒருவருக்கு, முதுகு வளையாமல் போனதால், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. நல்ல வேலைக்காரர். உடல் தகுதி இல்லை என்று ஒரு வரி எழுதினார்கள், கதை முடிந்தது. எங்கள் வீட்டில் மாதம் தவறாமல் வருவது என் சம்பளம் மட்டும்தான். வாயை மூடிக்கொண்டேன்.

சுவர்த்திரை வருவதற்கு முன்பு மறைப்பது சுலபம். மேஜையில் கணினி, கையில் மவுஸ். கை மேஜை உயரத்தை விட்டு எழும்ப வேண்டியதே இல்லை. இந்தச் சுவருக்கு மவுஸ் கிடையாது. பன்னிரண்டு திரைகளை இடைவெளி தெரியாமல் சேர்த்து, அறையின் ஒரு பக்கச் சுவர் முழுவதையும் மூடியிருந்தார்கள். மேலே இரண்டு கேமரா. ஆள் முன்னால் நின்று உடம்பால் இயக்க வேண்டும். திட்டத்தின் தலைமைப் பொறியாளர், எங்களுக்குப் பெரிய சார், இதை எங்கோ போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். குழாய் உடைகிற நேரத்தில் மூன்று பேர் சேர்ந்து நின்று வேலை செய்ய வேண்டும், மூன்று பேருக்கு ஒரு மவுஸ் என்றால் பிடுங்கல்தான் நடக்கும் என்றார். அது நியாயம். ஆனால் அவர் சொன்ன தோரணை, நாங்கள் இத்தனை வருடம் தண்ணீரையே கண்ணால் பார்க்காதவர்கள் போல இருந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வரும், அன்றும் வந்தது.

சுவரை எங்களுக்குப் பழக்க ஒரு பெண் வந்தாள். இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் எஞ்சினியர், வீடு ஒற்றசேகரமங்கலம் பக்கம். உடுப்பு பட்டணத்து உடுப்பு, பேச்சு எங்கள் பேச்சு.

“அக்கா, நீங்க சுவரத் தொடவே வேண்டாம். இந்தக் கோட்டுல நின்னா போதும், அது உங்களப் பாத்துக்கிடும்.”

“என்னத்தப் பாக்கும்?”

“உங்க மேலு முழுசும், தல தொட்டு கால் வரைக்கும்.”

“கொள்ளாம். கெட்டின மாப்பிள்ளயே அப்படிப் பாக்கதில்ல.”

அவள் சிரித்தாள். எனக்கு அவளைப் பிடித்துப் போயிற்று. பிடித்துப் போனதுதான் பின்னால் எனக்குத் தொந்தரவாக முடிந்தது.

தரையில் மூன்று நிறத்தில் ஒட்டுத்தாள் கோடுகள். கடைசிக் கோட்டில் நின்றால் சுவரில் திட்டம் முழுவதும் தெரியும். ஒரு கோடு முன்னே வந்தால் அந்தந்த ஊர் விரியும், முதல் கோட்டுக்கு வந்தால் ஒரே தொட்டியின் உள்விவரம் வரும். நம் உடம்பின் சாம்பல் நிற நிழல் ஒன்று சுவரில் விழும். உண்மை நிழல் இல்லை, கேமரா கணக்குப் போட்டு வரைவது. நாம் கையை நீட்டினால் நிழல் கையை நீட்டும், அந்த நிழல் கை எதன்மேல் சற்று நேரம் நிற்கிறதோ அது தேர்வாகும். இது போக, நம் உடம்பே கருவிப் பெட்டி மாதிரி. இடது இடுப்பைத் தொட்டால் வால்வுப் பட்டியல் வரும். வலது தோளைத் தொட்டால் லைன்மேனுக்குச் செய்தி போகும். வயிற்றைத் தொட்டால் செய்ததெல்லாம் ரத்து.

என்னுடன் வேலை பார்ப்பவர்கள் இரண்டு ஆண்கள். மூத்தவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். பாறசாலைக்காரர், கோயில் திருவிழாக் கமிட்டியில் இருக்கிறவர், வாய் ஓயாது. இன்னொருவர் அதிகம் பேசாதவர். அண்ணனுக்கு யோசிக்கும்போது வயிற்றைத் தடவும் பழக்கம். முதல் வாரம் முழுக்க அவர் திறந்த வால்வெல்லாம் அவர் கையாலேயே ரத்தாகிக்கொண்டிருந்தது. பயிற்சிக்காக ஓடிய பொய்த் தண்ணீர், அதனால் ஊரில் யாரும் கத்தவில்லை.

முதல் நாளே ஒவ்வொருவர் உடம்பையும் சுவரில் பதிய வேண்டும் என்றாள் அந்தப் பெண். கோட்டில் நேராக நின்று, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, பிறகு தலைக்கு மேலே தூக்க வேண்டும். அண்ணன் தூக்கினார், மற்றவர் தூக்கினார். என் பெயரைக் கூப்பிட்டாள். கோட்டில் போய் நின்றேன். இடது கையைத் தூக்கினேன். வலது கையை வருகிற வரைக்கும் தூக்கிக்கொண்டு, உடம்பை இடது பக்கமாக நன்றாகச் சாய்த்தேன். சாய்ந்தால் வலது கை உயர்ந்த மாதிரி ஆகுமே. சுவரில் பச்சை விளக்கு எரிந்தது. புடவை கட்டியவர்களுக்கு முழங்கால் தேட வேண்டாம் என்று தனியாக ஓர் ஏற்பாடு இருந்ததால் கால் பக்கமும் கேள்வி வரவில்லை. இயந்திரத்தை ஏமாற்றிவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு மிதப்பு.

மிதப்பு அரை மணி நேரம்கூட நிலைக்கவில்லை. சாய்ந்து நிற்பதுதான் இவள் நேராக நிற்பது என்று சுவர் பதிந்துகொண்டுவிட்டது. அதனால் நான் நேராக நின்றால் என் நிழல் வலது பக்கமாகச் சாயும்.

“பிள்ளே, உனக்க நிழலு என்ன, கள்ளு குடிச்சது போல நிக்கிது?” என்றார் அண்ணன்.

“உங்க கூடச் சேந்த கூட்டுக்கெட்டுதான், வேற என்ன.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் அன்று முதல் இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்தே நின்று வேலை செய்தேன். மாலையில் வீட்டுக்குப் போனால் இடுப்பு ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம் வலிக்கும். கணவர் வெந்நீர்ப் பையை எடுத்துக்கொண்டு வருவார். “சொல்லிப்போடேன்” என்பார். “நீங்க சும்மா இரிங்க” என்பேன்.

என் ஊர் குன்னத்துகால் சுவரில் என் இடுப்புக்கு நேராக இருந்தது. பாறசாலை இன்னும் கீழே. இங்கெல்லாம் நான் ராணி. பிரச்சினை ஒற்றசேகரமங்கலம். அது வலது மேல் மூலையில் இருந்தது. அங்கேயுள்ள மலைத் தொட்டிதான் திட்டத்திலேயே முக்கியமானது, அது நிரம்பினால்தான் கீழே உள்ள ஊர்களுக்குத் தண்ணீர் தானாக இறங்கும். அதைத் தொட வலது கையைத் தலைக்கு மேலே நீட்ட வேண்டும். இடது கையால் அந்த மூலையைப் பிடிக்கப் போனால் குறுக்கே கை போய் நிழல் உருண்டையாகிவிடும். பயிற்சியில் மலைத் தொட்டி வரும்போதெல்லாம் நான் தண்ணீர் குடிக்கப் போனேன், ஃபோன் எடுத்தேன், “அண்ணா, இது உங்க முறையாக்கும்” என்றேன். மூன்று வாரம் இப்படி ஓட்டினேன்.

மூன்று வாரம் கழித்துப் பெரிய சார் ஒத்திகை பார்க்க வந்தார்.

அந்த ஒத்திகையில் நடந்ததை இன்று நினைத்தாலும் பாதி சிரிப்பும் பாதி வெட்கமும் வருகிறது. பயிற்சி நடந்த நாளெல்லாம் நல்ல வெயில். எங்கள் ஆண்கள் இருவரும் வேட்டியை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டுதான் சுவருக்கு முன்னால் நடப்பார்கள். சுவர் அவர்களை அப்படித்தான் அறிந்திருந்தது: இரண்டு கால், இரண்டு முழங்கால் உள்ள ஆள். பெரிய சார் வாசலில் கால் வைத்தார். அண்ணனும் மற்றவரும் யாரும் சொல்லாமலே, மூச்சு விடுவது போல, மடிப்பை அவிழ்த்து வேட்டியைக் கணுக்கால் வரை இறக்கிவிட்டார்கள். மேலதிகாரி முன்னால் மடித்துக் கட்டிய வேட்டியோடு நிற்பது மரியாதை இல்லை, இங்கே எவனும் அப்படி நிற்கமாட்டான். அடுத்த நொடி சுவரில் அவர்கள் நிழல் இரண்டும் காணாமல் போயிற்று. முழங்கால் இல்லாத வெள்ளைத் தூண் இரண்டு நிற்கிறது, இது நாற்காலியோ பீரோவோ என்று சுவர் ஒதுக்கிவிட்டது.

அண்ணன் கையை ஆட்டிப் பார்த்தார். கும்பிட்டுப் பார்த்தார். சுவர் அசையவில்லை.

“எந்தா இது?” என்றார் பெரிய சார்.

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துப் போயிற்று. அவளும் இந்த ஊர்க்காரிதான், அவள் வீட்டு ஆண்களும் இதைத்தான் செய்வார்கள். ஆனாலும் அது அவள் மனதில் வரவில்லை. அவளுடைய கம்பெனியில் சோதனைக்கு நின்றவர்கள் எல்லோரும் பேண்ட் போட்டவர்கள்.

சுவரில் மிச்சம் நின்ற ஒரே நிழல் என்னுடையது. பெரிய சார் என்னைப் பார்த்தார். “நீங்கள் செய்யுங்கள். அந்த மலைத் தொட்டியைத் திறங்கள்” என்று மலையாளத்தில் சொன்னார்.

கோட்டில் போய் நின்றேன். வலது கையை நீட்டினேன். நிழல் கை சுவரின் நடுவில் இருந்த நெய்யாற்றங்கரை ஊர் வரைக்கும் போய் நின்றது. சாய்ந்தேன். இன்னும் சாய்ந்தேன். மூலை ஒரு சாண் தூரத்தில் நின்றது. முதுகுக்குப் பின்னால் பெரிய சார் தொண்டையைச் செருமினார். அப்போது என் வாய் தானாகத் திறந்தது.

“கேமரா சரியில்ல சார். எனக்க கைய எடுக்க மாட்டேங்குது.”

அவர் அந்தப் பெண்ணைப் பார்த்து நாலு வார்த்தை சொன்னார். அடுத்த வாரம் குழு வருகிறது, ஒப்பந்தம் புதுப்பிப்பதும் இந்தச் சுவரை ஏற்றுக்கொள்வதும் அன்றுதான், அதற்குள் கேமராவைச் சரி செய்யவில்லை என்றால் வேறு ஆளை அனுப்பச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதுவேன் என்றார். அவள் தலையாட்டினாள். நான் தண்ணீர் குடிக்கப் போனேன்.

இரண்டு நாள் கழித்து, மதியச் சாப்பாட்டுக்கு ஆண்கள் வெளியே போன நேரம், அவள் என்னைக் கூப்பிட்டாள். கணினியில் புள்ளிகளும் கோடுகளுமாக ஒரு மனித உருவம் அசைந்துகொண்டிருந்தது. சுவர் எங்களைப் படம் பிடித்து வைப்பதில்லை, மூட்டுகளை மட்டும் புள்ளியாகப் பதிந்து வைக்கும். வேட்டிக் கோளாறைக் கண்டுபிடிக்க அவள் மூன்று வாரத்துப் பதிவையும் ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறாள்.

“அக்கா, இது நீங்கதான். ஒத்திகை அன்னைக்கு. கேமரா உங்க கைய ஒழுங்காட்டுதான் எடுத்திருக்கு.”

நான் முந்தானையை இழுத்துச் சரி செய்தேன்.

“நீங்க கையத் தூக்கவே இல்ல.”

“தூக்கினேன். நீ பாத்தியா?”

அவள் வேறு நாட்களின் பதிவை ஓடவிட்டாள். ஒவ்வொன்றிலும் அந்தப் புள்ளி உருவம் இடது பக்கம் சாய்ந்து நின்றது. ஒவ்வொன்றிலும் வலது கைப் புள்ளி தோள் வரை வந்து, அங்கேயே நடுங்கிவிட்டு, கீழே இறங்கியது. கண்ணாடியில்கூட நான் என்னை அப்படிப் பார்த்ததில்லை. இரண்டு வருடமாக யாருக்கும் தெரியாது என்று நான் நடமாடிய நடமாட்டம் இதுதான். எனக்கு அவள்மேல் ஆத்திரம் பொங்கியது.

“ஆருக்க மேல நீ கேமராவ வச்சு வேவு பாக்கிய? எனக்க வேலை போனா உனக்க கம்பெனி சோறு போடுமா?” என்று கத்தினேன்.

அவள் கண் நிறைந்துவிட்டது. ஆனால் குரல் மாறவில்லை.

“எனக்க வேலையும்தான் போகும் அக்கா. சார் கம்பெனிக்கு ஃபோன் பண்ணியாச்சு. கேமரா ஒண்ணுதான் நான் சரியாட்டு வச்சது. அதத்தான் நீங்க கொற சொன்னிய.”

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். எப்படி விழுந்தேன், எத்தனை தகடு, எத்தனை திருகு என்று எல்லாவற்றையும் சொன்னேன். தலை பின்னுவதையும் சொன்னேன். இரண்டு வருடத்தில் வெளியாள் ஒருத்தரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லி முடித்துவிட்டு, “இத எழுதி அனுப்புவியா?” என்று கேட்டேன்.

“உங்க மேலு உங்களுக்குள்ளது. நான் ஏன் எழுதணும்?” என்றாள். பிறகு திரையையே பார்த்துக்கொண்டிருந்தவள், “கை ஏறல்லேன்னா நிழல ஏத்தலாமே” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் தன் ஃபோனில் விளக்கைப் போட்டு, தரையில் எனக்குப் பின்னால் வைத்தாள். எதிர்ச்சுவரில் என் உண்மையான நிழல் கூரையைத் தொட்டது. இடுப்பு உயரத்தில் இருந்த என் கை அங்கே ஜன்னலுக்கு மேலே நின்றது.

“இந்தச் சுவருல நிழலும் கணக்குதான், வெளக்கும் கணக்குதான். வெளக்க நான் எங்க வேணும்னாலும் வைக்கலாம். கீழ வச்சா நிழலு மேல போகும். நீங்க ஒரு எட்டு பொறத்த, வெளக்குப் பக்கமாட்டு, போனா இன்னும் பெருசாகும்.”

சொல்ல எளிது. முன்னும் பின்னும் நகர்ந்தால் படம் சுருங்கி விரிய வேண்டும் என்று ஏற்கெனவே செய்து வைத்திருந்தாளே. பின்னால் போனால் நிழலும் வளர்ந்து படமும் சுருங்கி எல்லாம் குழம்பியது. இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினாள். கடைசியில், இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டால் நிழல் வளரும், வைக்காவிட்டால் படம் மாறும் என்று ஓர் ஏற்பாட்டுக்கு வந்தாள். முழங்காலைத் தேடும் வேலையையும் எடுத்துவிட்டு, இடுப்புக்கு மேலே மட்டும் பார்த்து ஆளை அறியும்படி மாற்றினாள். என் உடம்பையும் திரும்பப் பதிந்தாள். இந்தத் தடவை நான் சாயவில்லை.

இடது கையைப் பின்னால் வைத்து, வலது கையைத் தொப்புளுக்கு நேராக நீட்டி, ஓர் அடி பின்னால் வைத்தேன். நிழல் கை நெய்யாற்றங்கரையைத் தாண்டி, மேலே ஏறி, ஒற்றசேகரமங்கலத்தில் போய் நின்றது. மலைத் தொட்டி நீல நிறமானது. நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன்.

ஆண்களுக்கும் அவள் அதையே பழக்கினாள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, கை வலிக்காமல் இருக்க என்று மட்டும் சொன்னாள்.

“இது கொள்ளாம் மக்கா. எனக்க கை கழண்டு விழும்போல இருந்து” என்றார் அண்ணன்.

ஆக எனக்கு வழி திறந்துவிட்டது. எல்லோருமே கையைத் தாழ்த்தி வேலை செய்யும்போது என் கை ஏறாதது யாருக்குத் தெரியப் போகிறது? குழு வருகிற வரைக்கும் நான் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. கேமரா சரியில்லை என்று நான் சொன்னது அப்படியே கிடந்தது. அதைத் திருத்திச் சொல்லும்படி அவள் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டாவது மறுத்திருப்பேன். அவள் கேட்காததுதான் என்னை வதைத்தது. ஞாயிற்றுக்கிழமை சபையில் பாவ அறிக்கை சொல்லும்போது பாதியில் நிறுத்திவிட்டேன். கணவரிடம் சொன்னேன். “நீ தீர்மானம் பண்ணு, எது ஆனாலும் செரி” என்றார். எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது.

குழு வந்தது. பெரிய சாரோடு இரண்டு பேர். வேட்டிகள் இறங்கின, நிழல்கள் மறையவில்லை. அண்ணன் பாறசாலைக் குழாயை மூடித் திறந்து காட்டினார், வயிற்றைத் தொடவே இல்லை. மற்றவரும் செய்தார். என் முறை வந்தது. மலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் வால்வைத் திறந்தேன். இந்தத் தடவை பொய்த் தண்ணீர் இல்லை, உண்மைத் தண்ணீர். அளவு காட்டும் கோடு மெதுவாக ஏறியது. குழுவில் ஒருவர் நன்றாக இருக்கிறது என்றார்.

பெரிய சார் அந்தப் பெண்ணிடம் திரும்பினார். “போன தடவை கேமரா கோளாறு, அதைச் சரி செய்தாயிற்றா? என்ன கோளாறு? குறிப்பில் எழுத வேண்டும்.”

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, “சரி செய்தாச்சு சார். எங்க பக்கத்துத் தப்புதான்” என்றாள்.

அவர் பேனாவை எடுத்தார். அவர் எழுத ஆரம்பித்ததை நான் பார்த்தேன்.

“சார்” என்றேன். மலையாளத்தில்தான் தொடங்கினேன். பயம் வந்தால் எனக்குத் தமிழ்தான் வரும், பாதியில் அதற்கு மாறிவிட்டேன். “கேமராவுக்கு ஒண்ணும் இல்ல சார். நான் பொய் சொன்னேன். எனக்க வலது கை தோளுக்கு மேல ஏறாது. ரெண்டு வருசமாட்டு ஏறாது. அந்தப் பிள்ள மேல ஒரு தப்பும் இல்ல.”

பெரிய சார் பேனாவை மூடவில்லை.

“இரண்டு வருடமா? ஏன் சொல்லவில்லை?”

“சொல்லியிருந்தா என்ன வச்சிருப்பியளா சார்?”

இதைக் கேட்க வேண்டும் என்று நான் நினைத்து வைத்திருக்கவில்லை. கோபத்தில் வந்துவிட்டது. அவர் குழுவில் இருந்தவர்களைப் பார்த்தார், அவர்கள் சுவரைப் பார்த்தார்கள். சுவரில் மலைத் தொட்டியின் கோடு ஏறிக்கொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில் அது நிரம்பி மணி அடித்தது. வேறு யாரும் அசையாததால் நானே இடது கையைப் பின்னால் வைத்துக்கொண்டு வால்வை மூடினேன்.

பத்து நாள் கழித்து உத்தரவு வந்தது. அந்தப் பத்து நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்று பேருக்கும் ஒப்பந்தம் புதுப்பித்திருந்தார்கள். என் பெயருக்கு நேரே மட்டும், வருடந்தோறும் மருத்துவச் சான்றிதழ் தர வேண்டும் என்று ஒரு வரி கூடுதலாக இருந்தது. கை ஏறாதவளுக்குச் சான்றிதழ், நாள் முழுக்க வாய் ஓயாதவருக்கு ஒன்றும் இல்லை. முகம் சிவந்துவிட்டது எனக்கு. ஆனாலும் அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டேன். அந்தப் பெண்ணுக்கு ஃபோன் செய்து சொன்னேன். அவள் அப்போது வேறொரு ஊரில் வேறொரு சுவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அங்கே வேலை பார்க்கிறவர்களில் சக்கர நாற்காலியில் வருகிற ஒருவர் உண்டு என்றும், சுவர் எப்படி இருக்க வேண்டும் என்று அவரிடம்தான் முதலில் கேட்டேன் என்றும் சொன்னாள்.

உத்தரவு வந்ததைப் பதிவேட்டில் எழுத வேண்டும். பதிவேடு பீரோவின் மேல் தட்டில் இருந்தது. இத்தனை நாளும் அறையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, ஸ்டூல் போட்டு ஏறி இடது கையால் எடுப்பேன். அன்றும் கண் தானாக ஸ்டூலைத் தேடியது. அண்ணன் எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணா, அந்த ரிஜிஸ்டர எடுத்துத் தாறியளா? எனக்குக் கை எட்டாது.”

அவர் டீயை வைத்துவிட்டு எழுந்து வந்தார். எடுத்தார், மேலே இருந்த தூசியைத் தன் வேட்டி முனையால் துடைத்தார், என் கையில் தந்தார்.

“இதச் சொல்ல ரெண்டு வருசமா பிள்ளே?” என்று கேட்டுவிட்டுத் திரும்பப் போய் டீ குடித்தார்.

பதிவேட்டைத் திறந்து தேதியை எழுதினேன்.